இடப்பக்கம் பொய், வலப்பக்கம் மெய்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் பாதிக் கோயில் காலி. மீதிப் பாதி கடைசி ஆமெனைப் படியில் இறங்கிக்கொண்டே சொன்னது. எல்லோருக்கும் ஒரே அவசரம். சதுக்கத்துப் பெரிய மரத்தடியில், நீலக் கூடாரத்துக்கு முன்னால், வரிசையில் இடம் பிடிக்க வேண்டும்.

வரிசை மருந்துக்கடையைத் தாண்டி ஆட்டுக்கறிக் கடை வரைக்கும் வளைந்து கிடந்தது. மாடு வாங்க வந்தவன் மாடு விற்க வந்தவனைக் கையோடு இழுத்து வந்திருந்தான். அண்ணனும் தம்பியும் பாகப்பிரிவினைக்காக முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு மனைவி தன் புருஷனை, காதைப் பிடிக்காத குறையாக, முன்னால் தள்ளிக்கொண்டே போனாள். சான் ஹெர்வாசியோ என்ற அந்த ஊரில் இரண்டு மாதமாகப் பேச்சுக்கு மதிப்பில்லை. பல்லுக்குத்தான் மதிப்பு.

எல்லாம் சகோதரர் பிலெமோன் வந்த பிறகு. வெள்ளை அங்கி, கழுத்தில் மூன்று சிலுவை, வெண்கலத் தொண்டை. எந்தச் சபையின் சகோதரர் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாவம், அவருக்கே யோசிக்க வேண்டியிருந்திருக்கும்.

அவரிடம் இருந்தது ஒரு கூஜா. கூஜாவில் சத்தியத் தீர்த்தம். ஒரு வாய் வாங்கிக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பிறகு நல்ல தண்ணீரால் ஒரு தடவை வாயைக் கழுவிவிட்டு, ஊர் பார்க்க ஈயென்று இளிக்க வேண்டும். பல் வெள்ளையாக இருந்தால் வாய்மை தவறாதவர். பல்லில் சிவப்பு படிந்தால் அத்தனையும் சொன்ன பொய்கள். வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்குச் சிவந்தது. நாக்கு மட்டும் எல்லோருக்கும் சிவந்தது. பொய் சொல்வது நாக்கு என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் சகோதரர் நாக்கைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"நாக்கு வெறும் வேலைக்காரன்! பல்லுதான் சாட்சி!" என்று அதற்கும் ஒரு வசனம் வைத்திருந்தார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான்.

சிவந்தவர்களுக்குப் பரிகாரம் உண்டு. பரிகாரம் இல்லாத பாவத்தால் யாருக்கு என்ன லாபம்? ஜாடியில் அடைத்த பரிசுத்தப் பசையை வாங்கி, ஏழு நாள் விரலால் தடவ வேண்டும். அந்த ஏழு நாளும் பிரஷ் வாயில் படவே கூடாது. பிரஷ் முள் சத்தியத்தைக் கீறிவிடுமாம். ஏழாம் நாள் வந்து கொப்பளித்தால் முன்னைவிடப் பளீரென்று சிவக்கும். "ஆழமான பொய்!" என்பார். உடனே பெரிய காணிக்கை. திரைக்குப் பின்னால் கண்ணைக் கட்டி உட்கார வைத்துத் தம் கையாலேயே வாயைச் சுத்தம் செய்வார். வெளியே வந்தால் பல் முத்து! உள்ளே என்ன நடந்தது என்று கேட்டால், "வாயெல்லாம் ஏதோ குறுகுறுத்துச்சு, தேவதையோட சிறகுன்னு சொன்னாரு" என்று மெய்சிலிர்ப்பார்கள்.

ஊரோ கொய்யாப்பழத்தைச் சர்க்கரையோடு காய்ச்சிக் கொய்யாக்கட்டி செய்யும் ஊர். விடிந்ததும் வெல்லம் போட்ட காப்பி. பத்து மணிக்குப் பாலாடைக்கட்டியோடு கொய்யாக்கட்டி. அழுகிற பிள்ளை வாயில் ஒரு துண்டு, சிரிக்கிற பிள்ளை வாயில் இரண்டு துண்டு. பருவம் வந்தால் கொறிக்கப் பொரித்த எறும்பு வேறு. அதன் கால் பல்லிடுக்கில் மாட்டினால் அடுத்த பருவம் வரைக்கும் அங்கேயே குடியிருக்கும்.

அந்த வரிசையில்தான் அன்று நுபியா நின்றாள். கொய்யா ஆலையில் செப்புக் கொப்பரைக்குப் பொறுப்பானவள் அவள். பாகு பதத்துக்கு வந்துவிட்டதா என்று நாக்கில் வைத்துச் சொல்ல வேண்டும், அதுதான் வேலை. காலையிலிருந்து மாலை வரைக்கும் வாயில் பாகு. அடுத்த மாதம், ஊர்த் திருவிழா அன்று அவளுக்கும் பால் வண்டி ஓட்டும் அர்னுல்போவுக்கும் கல்யாணம். அர்னுல்போ நல்லவன், உழைப்பாளி. ஒரே குறை, அம்மா எதிரில் வாய் திறக்க மாட்டான்.

அந்த அம்மா, தோன்யா ஒத்திலியா, பக்கத்திலேயே நின்றிருந்தார். போன வாரமே கொப்பளித்து வெள்ளைப் பல் காட்டியவர். அதிலிருந்து தெருவில் நடப்பதே தேர் வருவது போல இருந்தது.

"எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு வாய் சுத்தமா இருக்கணும். வேற ஒண்ணும் நான் கேக்கல" என்றார், நுபியாவுக்கும் அவளுக்குப் பின்னால் நின்ற இருபது பேருக்கும் கேட்கும்படி.

நுபியா கொப்பளித்தாள். துப்பினாள். கழுவினாள். இளித்தாள். கூட்டம் "ஆ!" என்றது. கோடியிலிருந்து கோடி வரை சிவப்பு.

சகோதரர் பிலெமோன் கண்ணை மூடி வானத்தைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு எப்படிப் பார்ப்பது என்பது அவருக்கே வெளிச்சம்.

"மகளே! இவ்வளவு சின்ன வாயில இவ்வளவு பெரிய பொய்யா!"

"நான் என்ன பொய் சொன்னேன்?"

"அதை நீயே நினைச்சுப் பாரு."

இதுதான் தொழில் நுட்பம். நினைத்துப் பார்த்தால் யாருக்குத்தான் ஒரு பொய் அகப்படாது? நுபியாவுக்கும் அகப்பட்டது. போன வாரம் ஒத்திலியா சுட்ட அரேப்பா சோள ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு "ரொம்ப நல்லா இருக்குங்க" என்று சொல்லியிருந்தாள். அது அட்டை மாதிரி இருந்தது.

"ஏழு நாள் பரிகாரம் பண்ணட்டும்" என்றார் ஒத்திலியா. "அடுத்த ஞாயிறு வெள்ளையா வரலேன்னா கல்யாணம் கெடையாது. இப்பவே சொல்லிட்டேன்."

நுபியா அர்னுல்போவைப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்தான். செருப்பு ஒன்றும் சொல்லவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. தீர்த்தத்தைவிட அதுதான் அவளுக்கு அதிகம் எரிந்தது.

வீட்டுக்கு வந்தவள் அழுதாள். அழுகை தீர்ந்ததும் கோபம் வந்தது. கோபத்தில் கண்ணில் பட்டது பிரஷ். பரிகாரமாவது மண்ணாவது என்று அதை எடுத்து, பேஸ்ட்டைப் பிதுக்கி, அந்த ஊர் முழுவதையும் தேய்ப்பதுபோலத் தேய்த்தாள். துப்பினாள். தொட்டியில் சிவப்பு ஓடியது. கண்ணாடியில் பார்த்தாள். பல்லில் சிவப்பைக் காணோம்.

அவள் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு பெரிய பொய், பிரஷ் பட்டதும் சாக்கடையில் போய்விட்டதா?

அப்போதுதான் காசிமிரோ மாமா உள்ளே வந்தார். நுபியாவின் அம்மாவோடு பிறந்தவர். நகராட்சி பேண்டில் ட்ரம்பெட் வாசிக்கிறவர். ஊரிலேயே பெரிய பொய்யர். மலைச்சரிவில் மாட்டிக்கொண்ட பேருந்தை ட்ரம்பெட் ஊதியே மேலே ஏற்றினேன் என்பார். ஏறி வந்த பயணிகளின் பெயர்கூடச் சொல்வார். யாரும் அவரைத் திருத்த முயன்றதில்லை. நேரம் நன்றாகப் போகிறது என்று விட்டுவிட்டார்கள்.

"மருமகளே, இங்க பாரு!" என்று வாயை விரித்தார். பல் வரிசை பாலில் கழுவியதுபோல இருந்தது. "நானும் போய்க் கொப்பளிச்சேன். சத்தியவான்னு தலையில கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணிட்டாரு!"

"நீங்களா? சத்தியவானா?"

"வரிசையில நிக்கறப்பவே மூணு பொய் சொன்னேன். ஒண்ணு அவர்கிட்டயே சொன்னேன். எனக்குத் தொண்ணூத்தொரு வயசுன்னேன். 'பாத்தா தெரியலயே ஐயா'ன்னாரு."

நுபியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு நின்றதும் மூளை வேலை செய்யத் தொடங்கியது.

"மாமா, நீங்க பல்லு எப்படித் தேய்ப்பீங்க?"

"அதைக் கேளு! இது மட்டும் சத்தியம். எங்க பேண்ட் வாத்தியார் முதல் பாடம் ஸ்வரம் சொல்லித் தரல, பல்லு தேய்க்கச் சொல்லித் தந்தாரு. ட்ரம்பெட்காரனுக்குப் பல்லு போச்சுன்னா பொழப்பு போச்சு. காலைல ஒரு தடவை, படுக்கப் போறப்ப ஒரு தடவை. ரெண்டு நிமிஷம். மெத்துனு இருக்கற பிரஷ்ஷா பாத்து, ஈறு ஓரத்துல சாய்ச்சு வெச்சுச் சின்னச் சின்ன வட்டமா. வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லற பக்கம். நீ பண்ற மாதிரி தரை தேய்க்கறாப்ல தேய்ச்சா ஈறுதான் கிழியும்."

"எந்தப் பேஸ்ட்டு?"

"மருந்துக்கடையில இருக்கறதுலயே மலிவானது. ஃப்ளோரைடு போட்டிருக்கான்னு மட்டும் பாப்பேன். பட்டாணி அளவு போதும். தங்கத் துகள் போட்டது, கரி போட்டது, பனிமலைப் படம் போட்டதுன்னு பத்து வெச்சிருக்கான். படத்தையா பல்லுல தேய்க்கப் போறோம்?"

"அப்ப தோன்யா ஒத்திலியாவுக்கு எப்படி வெள்ளையா வந்துச்சு?"

மாமா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சம்பந்தியம்மா பல்லு தெனமும் ராத்திரி டம்ளர்ல தூங்குது. காலைல சோப்புப் போட்டுக் கழுவி மாட்டிக்கறாங்க. அது எங்க பொய் சொல்லப் போகுது?"

நுபியா கூடாரத்தில் வாங்கி வந்த ஜாடியைத் திறந்து பரிசுத்தப் பசையை முகர்ந்தாள். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். நாக்கு அவளுடைய தொழில், ஏமாறாது. சுண்ணாம்புத் தூள், கொஞ்சம் புதினா, நிறைய வெல்லம்.

"வெல்லத்தத் தடவச் சொல்லி, பிரஷ்ஷும் வேண்டாங்கறாரு" என்றாள் மெதுவாக. "ஏழு நாள்ல பல்லு என்னாகும்? மாமா, நான் பரிகாரம் பண்ணப் போறேன். ஆனா பாதி வாய்க்கு."

"பாதி வாய்க்கா?"

"இடப்பக்கம் அவர் சொன்னது. வலப்பக்கம் நீங்க சொன்னது."

மாமா அவளை அண்ணாந்து பார்த்தார். வாழ்நாள் முழுக்கப் புளுகியும் இப்படி ஒன்று அவருக்குத் தோன்றியதில்லை.

அந்த வாரம் முழுவதும் நுபியாவுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஒருவேளை இரண்டு பக்கமும் சிவந்துவிட்டால்? ஊர் முன்னால் இரண்டாவது தடவை அவமானம்; கல்யாணமும் போகும். அர்னுல்போ மேல் கோபம் இருந்தாலும் அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. பால் வண்டியை ஆலை வாசலில் நிறுத்தி, காரணமே இல்லாமல் ஹாரன் அடிப்பவன். இந்த வாரம் வண்டி வந்தது. ஹாரன் அடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு வந்தது. கூட்டம் போன வாரத்தைவிட அதிகம். முறியப் போகிற கல்யாணத்தைப் பார்க்க, நடக்கப் போகிற கல்யாணத்தைவிட ஆள் சேரும்.

சகோதரர் பிலெமோன் வழக்கம்போல முதலில் தாமே ஒரு வாய் தீர்த்தம் எடுத்துக் கொப்பளித்தார். துப்பிவிட்டு நாலா திசையும் திரும்பிச் சிரித்தார். முன்பல் எட்டும் வெள்ளை வெளேர். கூட்டம் உருகியது. பிறகு நுபியாவை அழைத்தார்.

"பரிகாரம் பண்ணினியா மகளே?"

"பண்ணினேங்க. நீங்க சொன்னபடியே."

கொப்பளித்தாள். துப்பினாள். கழுவினாள். இளித்தாள்.

முன்வரிசை கழுத்தை நீட்டியது. இடப்பக்கம் அத்தனை பல்லும் செக்கச் சிவப்பு. வலப்பக்கம் அத்தனை பல்லும் வெள்ளை. நடுவில் யாரோ கோடு கிழித்ததுபோல இருந்தது.

சகோதரர் சற்றுத் திணறினார். ஆனால் தொழில்காரர். "பாதி மனந்திரும்பியிருக்கா!" என்று முழங்கினார். "பாதிப் பொய் போயாச்சு! இன்னும் ஏழு நாள்..."

"எந்தப் பாதிங்க?" என்றாள் நுபியா. "இடப்பக்கம் உங்க பசைய விரலால தடவினேன், பிரஷ் படல. வலப்பக்கம் உங்க பசையத் தொடக்கூட இல்ல, மருந்துக்கடைப் பேஸ்ட்டுப் போட்டுப் பிரஷ்ஷால தேய்ச்சேன். உங்க பேச்சக் கேட்ட பக்கம் சிவந்திருக்கு. கேக்காத பக்கம் வெள்ளையா இருக்கு. நான் இடப்பக்கத்தால மட்டுமா பொய் சொல்றேன்?"

ஜாடியையும் பேஸ்ட்டையும் இரண்டு கையிலும் தூக்கிக் காட்டினாள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. போன மாதம் புருஷனை இழுத்து வந்த ஒருத்தி தலையில் கை வைத்தாள்.

"அப்ப எங்க வீட்டுக்காரரு? நாலு வாரமா அவரை ஆட்டுக் கொட்டகையில படுக்க வெச்சிருக்கேனே!"

"நான் அன்னிக்கே சொன்னேன்!" என்று பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. குரலோடு ஆட்டு வாசனையும் வந்தது.

சகோதரர் கையை உயர்த்தினார். "சோதிக்காதீங்க! என் வாயைப் பாருங்க! தெனமும் இதே தீர்த்தம்தான். ஒரு புள்ளி சிவப்பு உண்டா?"

மறுபடியும் சிரித்தார். மறுபடியும் வெள்ளை. கூட்டம் தடுமாறியது. முணுமுணுப்பு அடங்கத் தொடங்கியது. இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் அத்தனை பேரும் பழையபடி வரிசையில் நின்றிருப்பார்கள். வரிசையில் நிற்பது எவ்வளவு சுகம். முன்னால் நிற்பவனின் முதுகைத் தவிர எதையும் பார்க்க வேண்டாம்.

"முன்பல்லு மட்டும் காட்டறீங்களே. உள்பக்கம்?"

கேட்டது அர்னுல்போ. அவன் குரலை அந்தச் சதுக்கம் கேட்பது அதுதான் முதல் தடவை. அவனுக்கே அது யார் குரல் என்று சந்தேகம் வந்ததுபோல இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "அம்மா, கண்ணாடியைப் போட்டுக்குங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா ஊரு நம்பும்."

தோன்யா ஒத்திலியாவுக்கு மகன் பேசியது அதிர்ச்சி. ஊர் நம்பும் என்றது பெருமை. பெருமை ஜெயித்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"வாயைத் திறங்க சகோதரரே."

"இது அபிஷேகம் பண்ணின வாய்! கண்டவங்க எட்டிப் பாக்க..." என்று பல்லைக் கடித்துக்கொண்டே பேசினார் பிலெமோன்.

காசிமிரோ மாமா கொண்டுவந்திருந்த ட்ரம்பெட்டை எடுத்துக்கொண்டார். பிலெமோனுக்குப் பின்னால் போய் நின்றார். அதை அவர் காதருகே வைத்தார். நுரையீரலில் இருந்த காற்று மொத்தத்தையும் ஊதினார்.

"ஆ...!"

குடல் தெரிகிற அளவுக்கு வாய் திறந்தது. ஒத்திலியா குனிந்து உள்ளே பார்த்தார்.

"ஐயையோ மாதாவே!" என்று அலறினார். "உள்ள பூராவும் சிவப்பு! கீழ்ப்பல்லுக்குப் பின்னாடி மலை மாதிரி கட்டியிருக்கு! கடவாப்பல்லுல எறும்புக் கால் வேற!"

அவ்வளவுதான். கூட்டம் எட்டிப் பார்க்க முண்டியது. பிலெமோன் ஓடப் பார்த்தார். அங்கி தடுக்கிக் கூடாரத்தின் மேலேயே விழுந்தார். திரை கிழிந்தது. உள்ளே ஒரு டப்பா நிறையத் தேவதையின் சிறகுகள் இருந்தன: நாலைந்து பிரஷ். பக்கத்தில் மருந்துக்கடையின் அதே மலிவுப் பேஸ்ட். அதற்குப் பக்கத்தில் அட்டை அட்டையாகச் சிவப்பு மாத்திரை.

மருந்துக்கடைக்காரர் ஓர் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "இது பல் டாக்டருங்க பிள்ளைங்களுக்குக் குடுக்கற சாயம். தேய்க்காத எடத்துல அழுக்கு படிஞ்சிருக்கும்ல, அதுல போய் ஒட்டிக்கும். எங்க விட்டுப்போச்சுன்னு காட்டறதுக்கு. இதைத்தான் கூஜாவில கரைச்சிருக்காரு."

"இது தெரிஞ்சா ரெண்டு மாசமா வாய மூடிட்டிருந்தீங்க?" என்றார் மாமா.

"சந்தேகமாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்கும் சிவந்துச்சே. மருந்துக்கடைக்காரனே பல்லு தேய்க்கறதில்லன்னு எப்படி வெளிய சொல்றது? பொய்யன்னு பேரு வாங்கறது பரவாயில்லன்னு இருந்துட்டேன்."

ஆக, அந்தக் கூஜாத் தண்ணீர் இரண்டு மாதமாக உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. போய்ப் பல்லைத் தேய்யுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னது. அதை யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. படித்துச் சொல்ல ஒரு களவாணியை வைத்துக்கொண்டார்கள்.

போலீஸ்காரர் வரும்வரைக்கும் பிலெமோனைச் சும்மா உட்கார வைக்க ஊருக்கு மனமில்லை. கையில் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்தார்கள். ஈறு ஓரம், சின்னச் சின்ன வட்டம், உள்பக்கம். மாமா ட்ரம்பெட்டில் தாளம் வைத்தார். பிள்ளைகள் சுற்றி நின்று, "அங்க விட்டுட்டீங்க! அங்க விட்டுட்டீங்க!" என்று கத்தினார்கள். இரண்டு மாதத்தில் அவர் நாணயமாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

கூட்டம் கலைந்த பிறகு அர்னுல்போ நுபியாவிடம் வந்தான். மறுபடியும் செருப்பைப் பார்த்தான். பிறகு நினைவு வந்து நிமிர்ந்தான்.

"போன ஞாயித்துக்கிழமை உங்க வாய் எங்க போச்சு?" என்றாள் நுபியா.

"பயமா இருந்துச்சு."

"இன்னைக்கு?"

"இன்னைக்கும் பயமாத்தான் இருந்துச்சு. திறந்துட்டேன்."

நுபியா அவனை மன்னித்துவிட்டாள். அவனுக்கு அது உடனே தெரிந்துவிட்டது, ஏனென்றால் அவள் சிரித்தாள். பாதி சிவப்பும் பாதி வெள்ளையுமாக. அவ்வளவு அழகான வாயைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான். ஒத்திலியா அருகில் வந்து, கல்யாணத்துக்கு அரேப்பா தானே சுடுவதாக அறிவித்தார்.

"வேண்டாங்க" என்றாள் நுபியா. "உங்க அரேப்பா அட்டை மாதிரி இருக்கு. இனிமே உண்மையே பேசலாம்னு இருக்கேன்."

திருவிழா அன்று கல்யாணம் நடந்தது. அரேப்பா சந்தையிலிருந்து வந்தது. மாமா பேருந்துக் கதையைச் சொன்னார். இந்தத் தடவை பேருந்தோடு பாலத்தையும் சேர்த்து ஏற்றினார்.

அதற்கு அடுத்த ஞாயிறு, அதே மரத்தடியில், பச்சைத் தலைப்பாகையோடு ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தாள். கால் நகத்தைப் பார்த்து எதிர்காலம் சொல்வாளாம். பூசை முடிவதற்குள் வரிசை மருந்துக்கடையைத் தாண்டிவிட்டது. எல்லோரும் அன்று பல் தேய்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். அந்த மட்டில் ஊர் முன்னேறியிருந்தது. பல்லில் ஒட்டிய அழுக்கைக் காட்ட மாத்திரை இருக்கிறது. மூளையில் ஒட்டியதைக் காட்ட யாரும் இன்னும் ஒரு மாத்திரை செய்யவில்லை. அதுவரைக்கும் அவரவர் மூளையை அவரவர்தான் கேள்வி கேட்டுத் தேய்த்துக்கொள்ள வேண்டும். தினமும், உள்பக்கமும் சேர்த்து.